சோம்பேறிக்கு ஓர் அறை

ஜனவரி 12

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணன் எழுதுவது. நான், உன் அண்ணி, சின்னவள் மூவரும் சௌக்கியம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை ஆய்வகத்துச் சுண்டெலிகளுக்குத் தீனி போட்டுவிட்டு நீ பட்டினி கிடக்கிறாயா? முதலில் அதற்குப் பதில் எழுது, தங்கச்சி.

இனி விஷயம். நின்றுகொண்டிருந்தால் உட்கார்ந்துகொள். உன் அண்ணன் ஒரு முழு மனிதனைக் கட்டப் போகிறான்!

இத்தனை நாள் நாடகத்துக்கு அரண்மனையும் கடை வாசலுக்கு அட்டை யானையும் கட்டிக்கொண்டிருந்தவனைத் தேடி, சிறுவர் அறிவியல் கூடத்தின் பொறுப்பாளர் வந்தார். “ஒரு ஆளைப் படுக்க வச்ச மாதிரி கட்டணும். குழந்தைங்க மூக்கு வழியா உள்ள போயி குதிகால் வழியா வெளிய வரணும். முடியுமா?” என்றார். அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் தலையை ஆட்டிவிட்டேன். முடியாது என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா!

பழைய கிடங்கு ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். தலை ஒரு சுவரில் முட்டும், கால் எதிர்ச் சுவரில் முட்டும். சட்டத்துக்கு ஒட்டுப்பலகை, வளைவுக்குக் கம்பிவலை, தோலுக்கு மெழுகில் தோய்த்த துணி. உள்ளே போகிற குழந்தைதான் கிருமி. அங்கேதான் எனக்கு இடிக்கிறது. கிருமி உள்ளே போனதும் எந்தப் பக்கம் திரும்பும்? எங்கே உட்காரும்? எங்கே உதை வாங்கும்? புத்தகத்தைப் புரட்டினேன், கொட்டாவிதான் வந்தது.

போனில் சொல்லாதே. நீ பேசுகிற வேகத்தில் எனக்குப் பாதிதான் காதில் விழும். படம் போட்டுக் கடிதமாக எழுது. பட்டறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டுவேன். எல்லாரும் பார்த்துப் பார்த்து வேலை செய்வோம். சீக்கிரம் எழுது, எனக்குக் கை பரபரக்கிறது.

உன்னையும் உன் எலிகளையும் விசாரிக்கும்,
அண்ணன்


ஜனவரி 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நானும் சாப்பிடுகிறேன், எலிகளும் சாப்பிடுகின்றன. அண்ணியின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? சின்னவளுக்கு விழுந்த முன்பல் மறுபடி முளைத்துவிட்டதா?

உன் கடிதத்தை வாசித்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். எங்கள் ஆய்வகத்து டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலே பார்த்தார். “எங்க அண்ணன் மூக்கு கட்டுறாருங்க மேடம்” என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அது கிடக்கட்டும்.

நான்கு தாளில் படம் போட்டிருக்கிறேன். மூக்குமுடியில் பாதிப் பேரை நிறுத்து. மீதிப் பேர் மூச்சுக்குழாய்க்குள் போவார்கள். அதன் உள்சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் உண்டு. அவை இரவு பகலாகத் துடுப்புப் போட்டுச் சளியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அங்கே நகரும் தரையாகவே போட்டுவிடு, குழந்தைகள் பின்னால் வழுக்கி விழட்டும்! தப்பியவர்களைப் பிடிக்க விழுங்கிகள் வரும். பெயருக்கேற்ற வேலைதான், கிருமியைக் கண்டால் அப்படியே விழுங்கும். ஆனால் சில கிருமிகள் கில்லாடிகள். விழுங்கட்டும் என்று காத்திருந்து, உள்ளே போய் அதன் வயிற்றிலேயே குடித்தனம் நடத்தும். கழுத்தில் நெறி கட்டுகிறதே, அது எதிர்ப்படைக்கு அங்கே ஆள் சேர்க்கிறார்கள் என்று அர்த்தம். காய்ச்சலும் கிருமி கொண்டுவருவது இல்லை. உடம்பே உலையை ஏற்றுகிறது. அதையும் தாண்டினால் ரத்தம். ரத்தத்தில் ஏறிவிட்டால் எந்த ஊருக்கும் பயணச்சீட்டு வேண்டாம்.

கடைசிப் படத்தில் எங்கள் ஆய்வகத்து ஆள் இருக்கிறது. மற்றக் கிருமிகள் அரை மணியில் ஒன்று இரண்டாகும். இதற்கு இரண்டு வாரம் வேண்டும். கண்ணாடித் தட்டில் எவ்வளவு கெஞ்சினாலும் வளராது, எலியின் பாதத்தில் மட்டும் வளரும். காரணம், அதற்குச் சூடு ஆகாது. நம் உடம்பிலும் குளிர்ந்த மூலைகளைத்தான் தேடும். காதுமடல், மூக்கு, விரல், முழங்கைக்குப் பின்னால் தோலை ஒட்டி ஓடும் நரம்பு. இடித்துக்கொண்டால் சுரீர் என்கிறதே, அதே நரம்புதான். அதன் உறைக்குள் புகுந்து வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். ஒருநாள் நம் படை கண்டுபிடித்து உள்ளே நுழைந்து சண்டை போடும். அந்தச் சந்தோ குறுகல். அடிதடியில் வீங்கி நசுங்குவது நம் நரம்புதான். முதலில் சூடு உறைக்காது. பிறகு தொட்டால் தெரியாது. அப்படியே விட்டால் விரல் மடங்கிவிடும். நல்ல காலமாக, நூற்றில் தொண்ணூற்றைந்து பேர் உடம்பு இதை வாசலிலேயே விரட்டிவிடும்.

அதன் பெயரைப் பலகையில் போட்டால் பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓடுவார்கள். சோம்பேறி என்றே வைத்துக்கொள்.

உன் மூக்கின் அளவை உடனே எழுதி அனுப்பக் கேட்டுக்கொள்ளும்,
வாலு


பிப்ரவரி 4

அன்புள்ள வாலுவுக்கு,

எல்லாரும் சுகம். உன் அண்ணியின் இடுப்பு தேவலை. சின்னவளுக்கு முன்பல் வந்துவிட்டது, முதல் கடி எனக்குத்தான்.

மூக்கு முடிந்தது! துவாரம் ஒவ்வொன்றும் கதவு அளவு. பெருக்குமாற்றுக் குச்சியெல்லாம் மூக்குமுடி ஆகிவிட்டது. நகரும் தரையை டமாரம் செய்து முடித்தான். டமாரம் எங்கள் வெல்டர். அவன் ரகசியம் பேசினால் தெருக்கோடி வரை கேட்கும். சோதித்துப் பார்க்கிறேன் என்று பொறுப்பாளரே ஏறினார். ஏறிய வேகத்தில் வழுக்கி மூக்குக்கு வெளியே வந்து விழுந்தார். “சளியில மாட்டிக்கிட்டீங்க சார்!” என்று டமாரம் கத்தியதில் புறாவெல்லாம் பறந்துவிட்டது.

ஆனால் எல்லாருக்கும் பிடித்தது உன் சோம்பேறிதான். வலது கைக்குள் அதற்குத் தனி அறை. முழங்கைச் சந்தில் நரம்பு தடித்த கயிறாக ஓடும். குழந்தைகள் அதன் உறைக்குள் ஊர்ந்து போக வேண்டும், ஒரு இடத்தில் சுவர் வீங்கி வழியை இறுக்கும். எப்படி?

நேற்று ஒரு வேடிக்கை. தோல் துணிக்கு மெழுகு கொதித்துக்கொண்டிருந்தது. அவசரத்தில் சட்டியைத் துணி போடாமலே தூக்கிக் கீழே வைத்தேன். டமாரம் அலறினான்: “அண்ணே, அது கையா தகரமா?” இருபது வருடம் மெழுகிலும் பசையிலும் ஊறிய கை, சும்மாவா! நேற்றிலிருந்து எனக்கு இரும்புக்கை என்று பட்டம். சுண்டுவிரல் பக்கம் கொப்புளம் போட்டிருந்ததை இன்று காலை உன் அண்ணி சொல்லித்தான் பார்த்தேன். வலித்தால்தானே! தொழில் கைக்கு இறங்குவது என்பது இதுதான்.

உன் படங்களுக்கு ஆணி அடித்துக்கொண்டே இருக்கும்,
அண்ணன்


பிப்ரவரி 26

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பதில் தாமதமாகிவிட்டது. ஆய்வகத்தில் வேலை இருந்தது. இரண்டு முறை எழுதிக் கிழித்தேன்.

மூக்கு பிரமாதம். சட்டியைத் துணி போட்டுத் தூக்கு. இது தங்கையின் உத்தரவு.

சோம்பேறி அறைக்கு எனக்கு ஒரு யோசனை. அறை வாசலில் ஒரு பெரிய கைப்படம் மாட்டு, எந்த விரலுக்கு எவ்வளவு உணர்வு என்று வண்ணம் தீட்டி. அதற்கு நிஜக் கை வேண்டும். ஒரு விளையாட்டாகச் செய்யுங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவர் உட்கார வேண்டும். இன்னொருவர் மெல்லிய நைலான் நூலின் நுனியால் அவர் வலது கையில் அங்கங்கே தொட வேண்டும். தொட்ட இடத்தை இடது கையால் சுட்டிக் காட்ட வேண்டும். சரியான இடத்துக்குப் புள்ளி, தவறினால் வட்டம். பட்டறையில் எல்லாரும் செய்யட்டும், ஆனால் முதலில் உன் கை. விரல் விரலாகச் செய். சுண்டுவிரலை விட்டுவிடாதே.

அண்ணியை நூல் பிடிக்கச் சொல். அவருக்குத்தான் பொறுமை உண்டு. படத்தை உடனே அனுப்பு. நிஜமாகவே உடனே.

எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்,
வாலு


மார்ச் 6

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே எல்லாரும் திவ்வியமாக இருக்கிறோம். உனக்கு என்ன அவசரமோ, இதோ படங்கள்!

என்ன விளையாட்டடி இது, பட்டறையே திருவிழா ஆகிவிட்டது. தோற்றவர் எல்லாருக்கும் டீ வாங்க வேண்டும் என்று பந்தயம். ஒரு தச்சர் கட்டைவிரலில் கோட்டைவிட்டார். பெயிண்டர் இரண்டு இடத்தில் தவறினார். டமாரம் நூல் படுவதற்கு முன்பே “இங்க! இங்க!” என்று கத்தியதால் ஆட்டத்திலிருந்து விலக்கினோம். பொறுப்பாளரும் உட்கார்ந்தார், ஒரு வட்டம்.

உன் அண்ணன்? அத்தனையும் புள்ளி! சுண்டுவிரல் உட்பட. உன் அண்ணியே நூல் பிடித்தாள், சாட்சிக்கு ஆளும் இருக்கிறது. இரும்புக்கைக்குத் தோல்வி ஏது! பெயிண்டர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தபடிதான் இதை எழுதுகிறேன்.

என் கைப்படத்தையே அறை வாசலில் ஆளுயரத்துக்கு மாட்டப் போகிறேன். சம்மதம்தானே?

வெற்றி வாகையுடன்,
அண்ணன்


மார்ச் 13

என் அருமை அண்ணா,

சம்மதம், சம்மதம், ஆயிரம் சம்மதம்! உன் படத்தை ஆய்வகத்தில் எல்லாருக்கும் காட்டினேன். டாக்டரம்மாவுக்கு நானே டீ வாங்கிக் கொடுத்தேன். ஏன் இவ்வளவு குதிக்கிறாய் என்று கேட்காதே. சொல்ல மாட்டேன். ஒரு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை, நேற்று நன்றாகத் தூங்கினேன். அவ்வளவுதான்.

மாட்டு, ஆளுயரம் போதாது, கூரை வரை மாட்டு! நுரையீரல் எந்த அளவில் இருக்கிறது? எல்லாவற்றையும் எழுது. அண்ணிக்கும் சின்னவளுக்கும் முத்தம்.

தலைகால் புரியாத,
வாலு


மார்ச் 20

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுத முடியவில்லை.

உன் கடிதத்தை உன் அண்ணன் எல்லாருக்கும் உரக்க வாசித்துக் காட்டினார். ஒரு மாதம் தூங்கவில்லை என்ற இடம் வந்ததும் கடிதத்தை வாங்கி நானே மறுபடி படித்தேன். நூல் விளையாட்டுக்காக எவள் தூக்கத்தை விடுவாள்? அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

கண்ணைக் கட்டியது நான்தான். “மூக்கோரமா கீழ கொஞ்சம் சந்து விட்டுக் கட்டு, டீ பந்தயம் போயிடும்” என்று காதில் சொன்னார். விளையாட்டுத்தானே என்று நானும் சிரித்துக்கொண்டே கட்டினேன். கீழ்ச்சந்தால் பார்த்துப் பார்த்துத்தான் அத்தனையும் காட்டினார். வேண்டுமென்றே ஒருமுறை நான் துண்டை இறக்கிவிட்டபோது, சுண்டுவிரலிலும் அடுத்த விரலின் பாதியிலும் எத்தனை முறை தொட்டாலும், “ஆரம்பி, ஏன் சும்மா இருக்க?” என்று கேட்டார். நூல் அப்போது அவர் விரல் மேல்தான் இருந்தது.

நேற்று அவர் வரைபடம் பார்த்துக்கொண்டிருக்கையில் சின்னவள் அவர் சுண்டுவிரலில் ரப்பர் பேண்டை நாலு சுற்றுச் சுற்றிவிட்டாள். விரல் நீலமாகிவிட்டது. அவர் வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான்தான் வெட்டி எடுத்தேன்.

உன் கடிதத்தை அவர் பார்க்க வேண்டியதில்லை என்றால் என் பெயருக்குப் போடு. அவர் பார்க்க வேண்டியது என்றால் தைரியமாக அவருக்கே எழுது. நான் பக்கத்தில் இருப்பேன்.

அண்ணி


மார்ச் 26

அண்ணா,

இந்தக் கடிதத்தைச் சுவரில் மாட்டாதே. போனில் நான்கு முறை கூப்பிட்டேன், நான்கு முறையும் கல்லீரல் காய்கிறது, அப்புறம் பேசு என்று வைத்துவிட்டாய். அதுவும் நல்லதுதான். போனில் சொன்னால் நீ நையாண்டி பண்ணி என்னையும் சிரிக்க வைத்துவிடுவாய்.

நீ யாருக்கு அறை கட்டுகிறாயோ அந்தச் சோம்பேறி உன் முழங்கையிலேயே குடியிருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த நோயின் பெயர் தொழுநோய். நான் டாக்டர் இல்லை, ஆய்வகத்துக்காரி. ஆனால் உன் மெழுகுச்சட்டிக் கடிதம் வந்த அன்றே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. கை மரத்துப்போனதைத் தொழில் கைக்கு இறங்கிவிட்டது என்று கொண்டாட உன்னால்தான் முடியும்! புள்ளிகளைப் பார்த்து நான் ஆடிய ஆட்டத்தை நினைத்தால் உன்னை அடிக்க வேண்டும் போல இருக்கிறது. ஒரு டம்ளர் டீக்காகவா அண்ணா?

அழுதுகொண்டே எழுதவில்லை, அவசரத்தில் எழுதுகிறேன். ஏனென்றால் நேரம் நம் பக்கம் இருக்கிறது! உன் விரல் இன்னும் மடங்கவில்லை. ஆணி பிடிக்கிறாய், பேனா பிடிக்கிறாய். சோம்பேறியைக் கொல்ல மாத்திரை இருக்கிறது. ஒழுங்காகச் சாப்பிட்டால் செத்தே போகும். நரம்பின் வீக்கத்தை இறக்கத் தனி மருந்து இருக்கிறது. ஆனால் நசுங்கிக்கொண்டிருக்கும் நரம்பு உன் திறப்பு விழாவுக்காகக் காத்திருக்காது. தாமதித்தால் அந்த விரல்கள் மடங்கிவிடும். பிறகு எதையும் கட்ட முடியாது.

அண்ணியிடம் உன் இரண்டு முழங்கைக்கும் பின்னால் தடவிப் பார்க்கச் சொல். வலது பக்க நரம்பு தடித்திருந்தால் தோல் டாக்டரிடம் ஓடு. இல்லாவிட்டாலும் ஓடு. யாரிடமிருந்து, எந்த வருடம் வந்தது என்று தோண்டாதே. அது எவருக்கும் தெரியாது. உன் குற்றம் எதுவும் இல்லை.

ஓடு அண்ணா. பதிலைக் கூட அப்புறம் எழுது.

வாலு


ஏப்ரல் 30

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். எழுத நேரமில்லை, வேலை தலைக்கு மேல்.

கல்லீரல் காய்ந்துவிட்டது. நுரையீரலுக்குத் துருத்தி வைத்து மூச்சு விடச் செய்துவிட்டோம். மண்ணீரல் சற்றுப் பெரிதாகிவிட்டது, யார் அளக்கப் போகிறார்கள். வெயில் அதிகம். மின்விசிறி ஒன்று பழுது.

சோம்பேறி அறைக்கு எழுத்துப் பலகை வைக்க வேண்டும். குழந்தைகள் கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள் என்று பொறுப்பாளர் சொல்கிறார். அவர்களுக்காகத்தான் கேட்கிறேன், பதில் எழுது.

சோம்பேறி உள்ளே இருக்கிற ஆள், மற்றவர்களோடு ஒரே தட்டில் சாப்பிடலாமா?

அவர் மாத்திரை சாப்பிட ஆரம்பித்தபின் எத்தனை நாள் தள்ளியிருக்க வேண்டும்?

அவருக்குச் சின்ன மகள் இருந்தால், அவள் ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டால், என்ன செய்ய வேண்டும்? இப்போதைக்கு அவர் தூரமாக உட்கார்ந்துகொள்கிறார், அவள் அழுகிறாள் என்று வைத்துக்கொள். பலகைக்காகத்தான்.

அண்ணன்


மே 7

அன்புள்ள அண்ணாவுக்கு,

மிக நலம்! உன் கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரரை வாசலில் நிறுத்தி அங்கேயே உறையைக் கிழித்தேன். அவர் பயந்துவிட்டார். மாத்திரை என்ற ஒரு சொல்லைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது.

பலகைக்கு எழுதிக்கொள். பெரிய எழுத்தில் எழுது.

ஒரே தட்டில் சாப்பிடலாம். தட்டால் சோம்பேறி நடந்து வராது. நீண்ட நாள் கூடவே இருந்து, மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் தெறிக்கும் துளிகளால்தான் அது வீடு மாறும். அப்படி மாறினாலும் பெரும்பாலான வீட்டில் அதற்கு இடம் கிடைக்காது.

மாத்திரை ஆரம்பித்துவிட்டாரா? அப்படியென்றால் தள்ளியிருக்கவே வேண்டாம். முதல் சில நாளிலேயே கிருமியில் பெரும்பகுதி சாகிறது. அதன்பின் அவரிடமிருந்து யாருக்கும் போகாது. வீட்டில் உள்ளவர்களும் ஒருமுறை தோலைக் காட்டிவிட்டு, டாக்டர் கொடுத்தால் ஒரு வேளை மருந்து விழுங்கிவிட வேண்டும். அவ்வளவே.

மூன்றாவது கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதற்கு ஒரே பதில்: மகளைத் தூக்கிக்கொள்ள வேண்டும். உடனே. இந்த வரியைப் படித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்த் தூக்கிக்கொள்ள வேண்டும். மீதிக் கடிதத்தை அப்புறம் படிக்கலாம்.

பலகைக்காகத்தான் சொல்கிறேன்.

வாலு


ஜூன் 2

என் கண்ணே வாலு,

பாதிக் கடிதத்திலேயே எழுந்து போய்விட்டேன். சின்னவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்படியே எச்சில் கையோடு தூக்கினேன். தெருத்தெருவாகச் சுற்றினோம். “அப்பா, இறக்கி விடுப்பா, கை காயுது” என்று அவள் கெஞ்சும் வரை இறக்கவில்லை. உன் மீதிக் கடிதத்தை மறுநாள்தான் படித்தேன்.

இப்போது எல்லாம் சொல்கிறேன். உன் மார்ச் கடிதம் வந்ததும் உன் அண்ணி என் முழங்கையைத் தடவினாள். இடது பக்கம் நூல், வலது பக்கம் கயிறு. நான் கட்டி வைத்த அதே கயிறு! மறுநாளே டாக்டர். காதுமடலில் கீறிப் பார்த்தார், முதுகில் எனக்கே தெரியாமல் இருந்த வெளிறிய திட்டைக் காட்டினார். ஒரு வருடத்துக்கு மாத்திரை அட்டை, வீக்கத்துக்குத் தனி மாத்திரை. முதல் நாள் சிறுநீர் சிவப்பாகப் போனதும் நான் அலறிய அலறலில் டமாரமே தோற்றான். மருந்தின் நிறமாம், யாரும் முன்னால் சொல்லித் தொலைக்கவில்லை. உன் அண்ணிக்கும் சின்னவளுக்கும் ஒன்றுமில்லை. இதை மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

உனக்கு ஏன் எழுதவில்லை என்றால், வெட்கம். வேறொன்றுமில்லை. பட்டறையிலும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் உன் பலகையை நானே எழுதி மாட்டியபோது எழுத்தெல்லாம் கோணிப்போனது. டமாரம் பார்த்துவிட்டு, “என்னண்ணே, எழுத்து இப்படிக் கோணுது?” என்றான். சொல்லிவிட்டேன், எல்லாரும் இருக்கும்போதே.

போய்விடலாம் என்று நான் சாமான்களைப் பொறுக்க ஆரம்பித்தேன். அப்போது டமாரம் என் தோளில் கை போட்டான். “மூணு மாசமா அந்தக் கிருமிக்கு ரூம் கட்டிக்கிட்டு இருக்கோம். அது எப்படி வரும், எப்படி வராதுன்னு எங்களுக்குத் தெரியாதாண்ணே? நரம்பு லைட் எரியல, வந்து பாருங்க” என்றான். வாலு, நான் அந்த நரம்புக்குள் போய் உட்கார்ந்து அழுதேன். பெயிண்டர் மட்டும் மறுநாள் வரவில்லை, பிறகும் வரவில்லை. போகட்டும். நுரையீரலுக்கு நானே வண்ணம் அடித்தேன்.

ஒரே ஒரு கவலை. இருக்கிற பலத்தைக் காப்பாற்றிவிடலாம், ஆனால் போன உணர்வு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்கிறார் டாக்டர். தினமும் காலையில் நூலை எடுத்துத் தொட்டுப் பார்க்கிறேன். கண்ணை ஒழுங்காக மூடிக்கொண்டுதான். இன்றுவரை ஒன்றுமில்லை.

மாத்திரையும் மரியாதையுமாக இருக்கும்,
அண்ணன்


அக்டோபர் 17

வாலு! வாலு!

சௌக்கியம் விசாரிக்கப் பொறுமை இல்லை, எல்லாரும் நன்றாக இருப்பீர்கள், இருங்கள். உன் கடைசி இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை என்று திட்டாதே. திறப்பு விழாவுக்கு அப்புறம் மூச்சு விட நேரமில்லை. குழந்தைகள் கூட்டம் கூட்டமாக மூக்கில் நுழைகிறார்கள், சளியில் வழுக்குகிறார்கள், குதிகாலில் வெளியே வந்து மறுபடி மூக்குக்கு ஓடுகிறார்கள். போகிற போக்கில் விலா எலும்பை உடைத்துவிட்டுப் போகிறார்கள். தினம் ஒரு விலா எலும்பு செய்வதே எனக்கு வேலை.

இன்று காலையும் ஒன்றை இழைத்துக்கொண்டிருந்தேன். டமாரம் ஏதோ கேட்டான், அவன் பக்கம் திரும்பிப் பதில் சொல்லிக்கொண்டே பலகையைத் தடவினேன். சுருக்கென்றது.

வாலு, நான் பார்க்கவில்லை. கண் டமாரம் மேலே இருந்தது. பார்ப்பதற்கு முன்பே சுருக்கென்றது! திரும்பிப் பார்த்தால் வலது சுண்டுவிரலில் சிராய் ஏறியிருக்கிறது. “ஐயோ!” என்று கத்தினேன். டமாரம் பதறி ஓடி வந்து, “என்னாச்சுண்ணே?” என்றான். “வலிக்குதுடா!” என்றேன். அவன் என் விரலைப் பிடித்துப் பார்த்தான். பிறகு அவன் கத்திய கத்தலில் கிடங்கிலிருந்த குழந்தைகளெல்லாம் நரம்பு வழியே தலையை நீட்டின. தச்சர்கள் கை தட்டினார்கள். எதற்கென்று தெரியாமல் குழந்தைகளும் தட்டின. பொறுப்பாளர் முதலுதவிப் பெட்டியோடு வந்தார், திருப்பி அனுப்பிவிட்டேன்.

டாக்டர் பார்த்தார். முழுவதும் வருமா தெரியாது, ஆனால் வர ஆரம்பித்துவிட்டது என்றார். சொல்லிவிட்டு அவரும் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் உன் அண்ணி ஊசியை எடுத்துக்கொண்டு நிற்கிறாள், சிராயை எடுக்க வேண்டுமாம். “வாலுவுக்கு ஒரு கடிதம் எழுதிட்டு வந்துடறேன், அதுவரைக்கும் தொடக் கூடாது” என்று சொல்லிவிட்டேன். “சீழ் பிடிக்கப் போகுது, சீக்கிரம் எழுதி முடிங்க” என்கிறாள். சின்னவள் ஊசியைப் பார்த்துவிட்டு என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருக்கிறாள். வலது கையால் எழுதுகிறேனா, ஒவ்வொரு வரி முடியும்போதும் சுண்டுவிரல் தாளில் உரசுகிறது. ஒவ்வொரு வரிக்கும் வலிக்கிறது.

அதனால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீளம். இன்னும் நான்கு வரி எழுதிக்கொள்கிறேனே. அங்கே மழையா? டாக்டரம்மா சௌக்கியமா? எலிகள் சாப்பிடுகின்றனவா? நீ சாப்பிட்டாயா?

உன்,
அண்ணன்